காற்றை இறக்கினால் கெப் ஏறும்

மாரி பிறந்தால் இந்த வாகனக் கேள்வி-பதில் பகுதிக்கு வரும் கடிதங்களின் போக்கே மாறிவிடும். கோடையில் ஏசி குளிரவில்லை, இஞ்சின் கொதிக்கிறது என்று எழுதியவர்கள் எல்லாம் இப்போது ஒரே குரலில் "கெப் தாண்டு போச்சு" என்கிறார்கள், அதாவது பின்னால் திறந்த பெட்டி உள்ள வாகனம் மண்ணில் புதைந்து நிற்கிறதாம். ஆகவே இந்த மாதம் முழுக்கச் சில்லும் சேறும்தான். காருக்கும் முச்சக்கர வண்டிக்கும் எழுதியவர்கள் கோபிக்க வேண்டாம். அடுத்த மாதம் பார்ப்போம்.

பதிலுக்குப் போக முன் ஒரு விசயம். மட்டக்களப்புப் பக்கம் களுவாஞ்சிகுடியில் காலையில் புறப்பட்டு, கடற்கரையில் மீனவர் தங்கும் வாடியில் மீன் பெட்டியை இறக்கி, வாவிக்கு மேற்கே படுவான்கரைக்குப் போய் வயலைப் பார்த்து, உன்னிச்சைப் பக்கம் கிரவல் பாதையில் சுற்றிக்கொண்டு பொழுதுபட வீடு திரும்புகிற ஆட்களை எனக்குத் தெரியும். ஒரே நாளில் மூன்று மண். மணலில் காப்பாற்றிய வித்தை களியில் கவிழ்க்கும். அதனால் எந்த மண்ணில் ஓடுகிறோம் என்று ஒரு வார்த்தைகூட எழுதாமல் "எந்த டயர் நல்லது?" என்று மட்டும் கேட்டிருந்த கடிதங்களை ஒரு பக்கம் எடுத்து வைத்துவிட்டேன். மண்ணைச் சொல்லி மறுபடி எழுதுங்கள்.

அண்ணே, என்னிடம் இருப்பது பின்சில்லு மட்டும் இழுக்கும் சிங்கிள் கெப். பத்து ஏக்கர் வேளாண்மை. பெட்டி காலியாக இருக்கும்போதுதான் வயல் பாதையில் தாண்டு போகிறது. நெல் மூட்டை ஏற்றினால் ஒருமாதிரி வந்துவிடுகிறது. ஒவ்வொரு முறையும் பக்கத்து வயல்காரரின் உழவு இயந்திரம்தான் இழுத்துவிடுகிறது. அவருக்கும் அலுத்துவிட்டது. கராஜில் கேட்டால் பெரிய டயர் போடு, பின் ஸ்பிரிங்கில் இரண்டு தகடு கூட்டு என்கிறார்கள். செய்யலாமா?
– விவசாயி, வெல்லாவெளி

தம்பி, கேள்விக்குள்ளேயே பாதிப் பதிலை எழுதிவிட்டீர்கள். மூட்டை ஏற்றினால் வருகிறது என்றால் வாகனத்துக்கு வேண்டியது பாரம். கெப்பின் இஞ்சின், கியர்பெட்டி, ஓட்டுகிற ஆள் எல்லாம் முன்னுக்கு இருக்கிறது. இழுக்க வேண்டிய சில்லு பின்னுக்கு, வெறும் தகரப் பெட்டிக்குக் கீழே இருக்கிறது. மண்ணை அழுத்தாத சில்லு மண்ணைப் பிடிக்காது.

வீட்டில் வெறும் உர பேக் கிடக்கும்தானே? அதில் பாதிக்கு மணல் நிரப்புங்கள். உரம் நிரம்பி 50 கிலோ வந்த பேக், மணலால் பாதி நிரம்பும்போதே கிட்டத்தட்ட 50 கிலோ வந்துவிடும். அப்படி நாலு பேக். அவற்றைப் பின் ஆக்சிலுக்கு நேர் மேலே வைத்துக் கயிற்றால் கட்டிவிடுங்கள். பின்கதவோரம் தள்ளி வைத்தால் பின்பக்கம் தாழ்ந்து முன்பக்கம் எழும்பும், ஸ்டியரிங் சொல்வழி கேட்காது. கட்டாமல் விட்டால் சடுதியாகப் பிரேக் பிடிக்கும் அன்றைக்குப் பேக் உங்கள் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்கும். வேறொரு நன்மையும் உண்டு. எங்காவது வழுக்கினால் ஒரு பேக்கை அவிழ்த்துச் சில்லுக்கு முன்னால் கொட்டலாம்.

அடுத்தது காற்று. கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் எத்தனை றாத்தல் என்று பாருங்கள், மீட்டரில் பிஎஸ்ஐ என்று இருப்பதும் அதுதான். பாரம் ஏற்றிப் பழகிய ஆட்கள் பின்சில்லுக்கு எப்போதும் 40, 45 என்று அடித்து வைத்திருப்பார்கள். காலிப் பெட்டியோடு அந்தக் காற்றில் சேற்றுக்குள் இறங்குவது, பொங்கல் பானையை உருண்டைக் கல்லில் ஏற்றிவைப்பது மாதிரி. டயர் மண்ணைத் தொடும் இடம் ஒரு கையளவுதான் இருக்கும். தார் வீதி முடியும் இடத்தில் நிறுத்தி 25க்கு இறக்குங்கள். அப்படியும் வழுக்கினால் 20. டயரின் அடி நீளும், தொடும் இடம் கூடும். திரும்பி வந்து தார் ஏறும்போது மறுபடி அடிக்க வேண்டும், அதில் சமாதானமே கிடையாது. குறைந்த காற்றோடு வேகமாக ஓடினால் டயரின் பக்கச்சுவர் மடிந்து மடிந்து சூடேறி வெடிக்கும். பட்டரியில் கொழுவி அடிக்கிற சின்னப் பம்ப் ஒன்றும் ஒரு மீட்டரும் வாங்கி வையுங்கள். பெரிய டயருக்குக் கேட்கிற காசில் அது மிகச் சிறிய பங்கு.

சரி, இனி அந்த இரண்டு தகடு. கூட்டவே கூட்டாதீர்கள். ஸ்பிரிங்கில் தகடு கூட்டுவது பாரம் தாங்க. காலியாக ஓடும்போது அதே தகடு பின்பக்கத்தை மரக்கட்டை ஆக்கிவிடும். வரம்பை நேராக ஏறாமல் ஒரு கோணத்தில் ஏறிப் பாருங்கள், ஒரு பின்சில்லு அந்தரத்தில் தொங்கும். மெல்லிய ஸ்பிரிங் என்றால் அந்தச் சில்லு கீழே இறங்கி மண்ணைத் தேடும். தடித்த ஸ்பிரிங் இறங்காது. என் கராஜுக்கு வருகிறவர்களிடம் நான் கூட்டிய தகடுகளைவிடக் கழற்றிய தகடுகள் அதிகம் என்றால் நம்ப மாட்டீர்கள்.

ஒரு சில்லு தொங்கினால் மற்றதாவது இழுக்கக் கூடாதா என்று கேட்பீர்கள். மாடு பூட்டி உழுதவர்களுக்கு இதை லேசாகச் சொல்லிவிடலாம். ஏரில் பூட்டிய இரண்டு மாட்டில் ஒன்று கால் வழுக்கித் தளர்ந்துவிட்டால் மற்றது எவ்வளவு முக்கினாலும் நுகம் ஒரு பக்கம் திரும்புமே தவிர ஏர் நகராது. பின்ஆக்சிலின் நடுவில் பானை மாதிரி இருக்கிற டிஃபரன்ஷியல் செய்வதும் அதுதான். இரண்டு சில்லுக்கும் ஒரே அளவு முறுக்குவிசையைத்தான் அது கொடுக்கும். வழுக்கிற சில்லு எவ்வளவு தாங்குமோ அவ்வளவுதான் நல்ல தரையில் நிற்கிற சில்லுக்கும் கிடைக்கும். அதனால்தான் ஒரு சில்லு சேற்றை வாரி இறைக்க, மற்றது சும்மா நின்று வேடிக்கை பார்க்கிறது. வளைவில் திரும்பும்போது வெளிச்சில்லு கூடத் தூரம் ஓட வேண்டும், அதற்காகச் செய்த ஏற்பாடு இது. வயலில் நமக்கு எதிராகத் திரும்புகிறது.

இதற்கு ஒரு பழைய தந்திரம் உண்டு. ஹேண்ட்பிரேக்கை இரண்டு, மூன்று பல் மட்டும் இழுத்து வைத்துக்கொண்டு, இரண்டாம் கியரில் மெதுவாகக் கிளச்சை விடுங்கள். ஹேண்ட்பிரேக் பின்சில்லுகளைத்தான் பிடிக்கும். வெறுமனே சுற்றுகிற சில்லை அது கொஞ்சம் தடுக்கும்போது, அந்தத் தடைக்குச் சமமான விசை மறுபக்கத்துக்கும் போகும். பல தடவை அதுவே வெளியே எடுத்துவிடும். எழும்பியதும் ஹேண்ட்பிரேக்கை விட மறக்க வேண்டாம், பிரேக் லைனர் எரிந்த மணம் வந்த பிறகு எனக்குக் கடிதம் எழுதவும் வேண்டாம். ஏன் இரண்டாம் கியர் என்றால், முதல் கியரில் சில்லுக்குப் போகும் விசை கூடிப்போய் உடனே வழுக்கிவிடும்.

இன்னொன்று, உங்கள் பாதையில் உழவு இயந்திரம் ஓடிப் பள்ளம் விழுந்திருக்கும். அதன் பெரிய சில்லுக்கு அந்த ஆழம் ஒரு பொருட்டே இல்லை. நீங்கள் அந்தப் பள்ளத்துக்குள் இறங்கினால் நடுவில் நிற்கிற மண்முதுகில் டிஃபரன்ஷியல் பானை குந்திவிடும். குந்தினால் சில்லில் பாரம் இல்லை, பாரம் இல்லாவிட்டால் பிடிப்பும் இல்லை. ஒரு பக்கச் சில்லை நடு முதுகிலும் மற்றதை வெளி ஓரத்திலும் ஏற்றி ஓடப் பழகுங்கள்.

டயர் பற்றி நான் சொல்வேன், ஆனால் இதை எல்லாம் ஒரு போகம் செய்து பார்த்த பிறகு. களி மண்ணுக்கு அகலமான டயரைவிட, இடைவெளி விட்ட பெரிய கட்டைகள் உள்ள ஒடுங்கிய டயர் நல்லது. மேல் சேற்றை வெட்டிக்கொண்டு கீழே உள்ள கெட்டித் தரையைத் தொட்டுவிடும். வீதி டயரின் சின்னச் சின்னக் கோடுகளில் களி அப்பி ஒரு சுற்றிலேயே மொட்டைத் தலை ஆகிவிடும்.

காக்கா என்று கூப்பிடலாம்தானே? எனது பழைய ஃபோர் வீல் கெப்பைக் கரைவலை வாடிக்குக் கொண்டுபோகிறேன். ஃபோர் வீல் லீவரைப் போட்டால் டாஷ்போர்டில் லைட் எரிகிறது. ஆனால் மணலில் பின்சில்லு மட்டும்தான் சுற்றுகிறது, முன்சில்லு அசையவே இல்லை. மெக்கானிக் ஒருவர் கியர்பெட்டியைப் பிரிக்க வேண்டும் என்கிறார்.
– மீனவர், பொத்துவில்

தாராளமாகக் கூப்பிடுங்கள், தம்பி. காக்கா என்றாலும் அண்ணன்தானே. கியர்பெட்டியைப் பிரிக்க முன் வாகனத்தில் இருந்து இறங்கி முன்சில்லின் நடுவைப் பாருங்கள். பழைய மாடல்கள் பலவற்றில் அங்கே கையால் திருப்புகிற ஒரு குமிழ் இருக்கும். ஒரு பக்கம் ஃபிறீ என்றும் மறுபக்கம் லொக் என்றும் எழுதியிருக்கும். அது ஃபிறீயில் கிடந்தால் உள்ளே ஷாஃப்ட் சுற்றும், சில்லு சுற்றாது. லைட் எரிவது, முன்சில்லுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கிற டிரான்ஸ்ஃபர் பெட்டியில் லீவர் விழுந்ததற்கான அடையாளம் மட்டுமே. குமிழ் எங்கே நிற்கிறது என்று அதற்குத் தெரியாது. இரண்டு பக்கமும் லொக்கில் திருப்பிவிட்டு ஓடிப் பாருங்கள். கடற்கரை உப்பில் குமிழ் இறுகிப் போயிருந்தால் குறட்டால் பிடித்து முறுக்காதீர்கள், கழற்றித் துப்புரவாக்கிக் கிறீஸ் போட வேண்டும். இப்படிக் குமிழைத் திருப்பிக் கொடுத்துத் தேத்தண்ணி மட்டும் குடித்து அனுப்பிய வாகனங்கள் என் கணக்கில் ஏழெட்டு. அதில் ஒன்றுக்கு வேறொரு கராஜில் ஏற்கெனவே கியர்பெட்டி பிரித்துப் பூட்டியாகிவிட்டது.

நாலு சில்லும் இழுக்கத் தொடங்கிய பிறகும் மணல் மணல்தான். வெல்லாவெளித் தம்பிக்குச் சொன்ன காற்றை நீங்கள் இன்னும் இறக்கலாம். காய்ந்த கடற்கரை மணலுக்கு 18 றாத்தல். தாண்டு நிற்கும்போது வெளியே எடுக்க மட்டும் 15. அதற்குக் கீழே போனால், சட்டென்று ஸ்டியரிங் ஒடிக்கும்போது டயர் றிம்மை விட்டுக் கழன்றுவிடும். கணக்கு எளிது: காற்றைப் பாதியாக்கினால் டயர் மண்ணைத் தொடும் பரப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஒட்டகத்தின் பாதம் ஏன் விரிகிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள், போதும்.

மணலில் நிற்காமல் ஒரே சீராக ஓடுங்கள். நிறுத்த வேண்டி வந்தால் பிரேக்கை அமுக்காமல் தானாக நிற்க விடுங்கள். பிரேக் பிடித்தால் நாலு சில்லுக்கு முன்னாலும் மணல் மேடு குவியும், புறப்படும்போது அதையே ஏற வேண்டி வரும். கொஞ்சம் இறக்கமான இடத்தில், கடலைப் பார்த்தபடி நிற்பதைவிடக் கரைக்குச் சமாந்தரமாக நிறுத்துங்கள். சில்லு சுற்றத் தொடங்கினால் அந்த நொடியே காலை எடுக்க வேண்டும். களியில் கொஞ்சம் சுற்ற விடலாம், டயரில் அப்பிய களி தெறித்துப் போகும். மணலில் சுற்றுகிற ஒவ்வொரு சுற்றும் கிணறு தோண்டுகிற வேலை. காலை எடுத்துவிட்டு, வந்த தடத்திலேயே ரிவர்சில் போங்கள், அது நீங்கள் ஏற்கெனவே அமுக்கி வைத்த பாதை. ரிவர்சிலும் வராவிட்டால் மண்வெட்டி. வெட்கப்பட ஒன்றும் இல்லை.

கரடான கட்டை டயரை மணலுக்கு யாராவது சிபாரிசு செய்தால் வாங்காதீர்கள். அது மணலைத் தோண்டத்தான் உதவும்.

பிறகு, வாடியில் இருந்து தார் வீதிக்கு ஏறியதும் லீவரை டூ வீலுக்கு மாற்றுங்கள். உங்கள் மாதிரிப் பழைய கெப்பில் முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் நடுவில் டிஃபரன்ஷியல் கிடையாது. காய்ந்த தாரில் ஃபோர் வீலில் வளைந்தால் இரண்டும் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு நிற்கும். லீவர் இறுகும், டயர் தேயும், கடைசியில் ஏதாவது உடையும். மெக்கானிக் சொன்ன கியர்பெட்டி வேலை அப்போது உண்மையிலேயே வரும்.

வீட்டுக்கு வந்தால் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். உங்கள் மனைவி கேட்டால் நான் சொன்னதாகச் சொல்லுங்கள், கிணற்றுத் தண்ணீர் வீணாகிறது என்று என் வீட்டிலும் இதே சண்டைதான்.

சேற்றில் நிற்கும்போது சில்லுக்குக் கீழே வைக்கோல் போடலாமா?
– வாசகர், கொக்கட்டிச்சோலை

போடலாம், கவனமாக. வைக்கோல் சில்லோடு சுற்றி, வாகனத்தின் அடியில் சுற்றுகிற புரொப்பெல்லர் ஷாஃப்டில் சுருண்டுகொள்ளும். சூடான சைலன்சர் குழாயில் காய்ந்த வைக்கோல் பட்டால் தீப்பிடிக்கும். சேற்றுக்குள் நின்று வாகனம் எரிந்தது என்றால் கேட்கிறவனும் நம்ப மாட்டான். வெளியே வந்ததும் குனிந்து பார்த்துச் சுருண்டதை எல்லாம் பிடுங்கி எடுங்கள்.

என்னைக் கேட்டால் தென்னோலைதான். பச்சை மட்டையோடு, மட்டையின் தடித்த பக்கம் சில்லைப் பார்க்க வைக்க வேண்டும். இதை நான் பழகியது 1978 நவம்பர் 23 சூறாவளிக்கு அடுத்த நாட்களில். அப்போது நான் கராஜில் எடுபிடிப் பொடியன். மட்டக்களப்பில் நிமிர்ந்து நின்ற தென்னைகளை எண்ணிவிடலாம் என்ற நிலை. விழுந்த மரங்களைச் சுற்றித் தோட்டங்களுக்குள்ளால்தான் வாகனம் போக வேண்டும், தோட்டம் எல்லாம் தண்ணீரும் சகதியும். முதலாளியின் பழைய லேண்ட் ரோவருக்கு முன்னால் நானும் இன்னொருவனும் ஓலை விரித்துக்கொண்டே நடந்தோம். வாகனம் கடந்ததும் பின்னால் கிடந்த ஓலையைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஓட வேண்டும். அப்படி ஒரு பகல் முழுக்க ஓடி ஒரு மைல் போயிருப்போமோ தெரியாது. ஓலை விரித்த இடத்தில் மட்டும் ஒரு தடவைகூடத் தாழவில்லை.

ஓலையைப் போட்டுவிட்டு யாரும் சில்லுக்குப் பின்னால் நிற்க வேண்டாம். அது அம்பு மாதிரிப் பின்னால் பறக்கும். இழுப்பதற்குச் சங்கிலி போடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அதை வாகனத்தின் அடியில் உள்ள இரும்புச் சட்டத்தின் (சேசிஸ்) கொக்கியில் மட்டும் மாட்டுங்கள். பம்பரில் வேண்டாம், பின்னால் இழுவைப் பெட்டி கொழுவுகிற உருண்டைக் குமிழிலும் வேண்டாம். சங்கிலியின் நடுவில் நனைந்த சாக்கு ஒன்றைப் போர்த்துவிடுங்கள், அறுந்தால் சாக்கின் பாரம் அதைக் கீழே இழுக்கும். என் கராஜ் வாசலில் ஒரு தடவை அறுந்த சங்கிலி பின் கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே போனது. ஓட்டுநர் அப்போதுதான் எதையோ எடுக்கக் குனிந்திருந்தார். அன்றையில் இருந்து கராஜில் ஒரு சாக்கு எப்போதும் நனைந்தே கிடக்கும்.

டிஃபரன்ஷியல் லொக் பூட்டினால் எல்லாப் பிரச்சினையும் தீரும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். எனது டபுள் கெப்பில் ஏற்கெனவே எல்எஸ்டி இருக்கிறது என்று விற்றவர் சொன்னார். எப்படிக் கண்டுபிடிப்பது? டிராக்ஷன் கொண்ட்ரோல் பட்டனும் இருக்கிறது, அதை என்ன செய்வது?
– வர்த்தகர், அக்கரைப்பற்று

எல்எஸ்டி என்பது ஒரு சில்லு மட்டும் வெறுமனே சுற்றுவதை உள்ளேயே தடுக்கப் பார்க்கிற டிஃபரன்ஷியல். விற்றவர் சொன்னதைச் சோதிக்க ஐந்து நிமிடம் போதும். சமதரையில் முன்சில்லுக்கு இரண்டு பக்கமும் கல் வைத்து, பின்னால் இரண்டு சில்லையும் ஜாக்கியில் தூக்கி, உறுதியான தாங்கியில் நிறுத்துங்கள். கியர் நியூட்ரலில், ஹேண்ட்பிரேக் விட்டபடி இருக்க வேண்டும். ஒரு சில்லைக் கையால் சுற்றுங்கள். மற்றது எதிர்ப்பக்கம் சுற்றினால் சாதாரண டிஃபரன்ஷியல். அதே பக்கம் சுற்றினால் எல்எஸ்டி. ஆனால் எல்எஸ்டியின் உள்ளே இருப்பது ஒன்றையொன்று அழுத்துகிற தகடுகள், காலப்போக்கில் தேய்ந்துவிடும். தேய்ந்த எல்எஸ்டியும் எதிர்ப்பக்கம்தான் சுற்றும். 2020இல் வாகன இறக்குமதி நின்றதில் இருந்து ஐந்து வருடமாக ஊரில் பழைய கெப்புகளே கைமாறிக் கைமாறி ஓடின, அதனால் "இருக்கிறது" என்று எழுதியிருக்கும், "வேலை செய்கிறது" என்பது வேறு கதை. அதற்கு உரிய எல்எஸ்டி ஒயில்தான் ஊற்ற வேண்டும். சாதாரண கியர் ஒயில் ஊற்றினால் வளைவில் திரும்பும்போது பின்னால் இருந்து முனகும்.

லொக் விசயத்துக்கு வருவோம். அது நல்ல சாமான், பொய் சொல்ல மாட்டேன். இரண்டு பக்க ஷாஃப்டையும் ஒன்றாகப் பூட்டிவிடும், ஒரு சில்லு அந்தரத்தில் தொங்கினாலும் மற்றது முழு விசையோடு இழுக்கும். ஆனால் பூட்டிய நிலையில் வாகனம் வளையாது, நேராகத்தான் போகப் பார்க்கும். வழுக்கிற தரையில், மெதுவாக, சிக்கலுக்குள் இறங்க முன்னரே போட வேண்டும். சில்லு சுற்றிக்கொண்டிருக்கும்போது போட்டால் பல் உடையும். தரை கெட்டியானதும் எடுத்துவிட வேண்டும். நீங்கள் கடை வைத்திருப்பவர், வயலுக்கு மாதம் ஒரு தடவை போவீர்களா? அந்தக் காசைக் கடையில் போடுங்கள். தாருக்கும் மண்ணுக்கும் பொதுவான நல்ல ஆல்டெரெய்ன் டயர் நாலும் ஒரு காற்றுப் பம்பும் உங்களுக்குக் காணும்.

பட்டனைப் பற்றி: சேற்றில், வரம்பில், ஒரு சில்லு சுற்றும்போது டிராக்ஷன் கொண்ட்ரோல் அந்தச் சில்லுக்கு மட்டும் பிரேக் பிடித்து மற்றதுக்கு விசையை அனுப்பும். வெல்லாவெளித் தம்பிக்குச் சொன்ன ஹேண்ட்பிரேக் தந்திரத்தைக் கம்பியூட்டர் செய்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே விட்டுவிடுங்கள். ஆழ மணலில் அணைத்துவிடுங்கள். சில்லு கொஞ்சம் வழுக்கினாலே அது இஞ்சினின் மூச்சை அமுக்கிவிடும், மணலில் ஓட்டம் குறைந்தால் கதை முடிந்தது.

அண்ணா, நான் கிரானில் இருந்து வாவிக்கு அப்பால் உள்ள பாடசாலைக்குப் போகும் ஆசிரியை. மாரியில் புலிபாய்ந்தகல் வீதியில் வெள்ளம் ஏறினால் எங்களை ஏற்றும் கெப் ஓட்டுநர், "ஃபோர் வீல் இருக்கு, பயப்படாதீங்க" என்று தண்ணீருக்குள் இறக்குகிறார். எவ்வளவு ஆழம் வரை போகலாம்?
– ஆசிரியை, கிரான்

தங்கச்சி, ஓடுகிற தண்ணீர் என்றால் போகவே கூடாது. அந்தத் தம்பியிடம் இந்தப் பக்கத்தைக் கிழித்துக் கொடுங்கள்.

இவ்வளவு நேரமும் நான் சொன்னது முழுக்க ஒரே விசயம்: சில்லு மண்ணை அழுத்த வேண்டும். தண்ணீர் செய்வது அதற்கு நேர் எதிர். அது வாகனத்தைத் தூக்குகிறது. கதவின் அடிவிளிம்பைத் தாண்டித் தண்ணீர் ஏற ஏற வாகனம் லேசாகிக்கொண்டே போகும், அதேநேரம் பக்கவாட்டில் இருந்து ஓட்டம் தள்ளும். ஓரடி ஓட்டத் தண்ணீர் ஒரு சின்னக் காரை இழுக்கப் போதும். இரண்டடி வந்தால் கெப்பையும் கொண்டுபோகும். மிதக்கிற வாகனத்துக்கு நாலு சில்லு இழுத்தால் என்ன, நாப்பது சில்லு இழுத்தால் என்ன? அதோடு தாம்போதியின், அதாவது தண்ணீர் மேலால் பாயும் தாழ்ந்த பாதையின், ஓரம் தண்ணீருக்குள் தெரியாது, நேற்று இருந்த தார் இன்றைக்கு அரித்துப் போயிருக்கலாம்.

2024 நவம்பரில் காரைதீவு மாவடிப்பள்ளியில் மதரஸாப் பிள்ளைகளை ஏற்றி வந்த உழவு இயந்திரத்தை வெள்ளம் இழுத்துக்கொண்டு போனது உங்களுக்கு நினைவிருக்கும். சேற்றில் எங்கள் கெப்பை எல்லாம் இழுத்துவிடுகிற வாகனம் அது. பாரமும் உயரமும் கெப்பைவிட அதிகம். அந்தப் பிள்ளைகளை நினைத்தால் எனக்கு இதற்கு மேல் எழுதக் கை வரவில்லை.

ஓட்டம் இல்லாமல் தேங்கி நிற்கிற தண்ணீர் என்றால், ஓட்டுநர் முதலில் இறங்கிக் கம்பு ஊன்றி நடந்து பார்க்கட்டும். முழங்காலுக்கு மேல் ஏறினால் திரும்பிவிடுங்கள். அன்றைக்கு ஒரு நாள் லீவு போகட்டும்.

டிஃபரன்ஷியல் ஒயிலைக் கழற்றினேன், பால்தேத்தண்ணி நிறத்தில் வந்தது. என்ன பிழை?
– வாசகர், செங்கலடி

தண்ணீர் போயிருக்கிறது. ஓடிச் சூடான டிஃபரன்ஷியல் பானை சட்டென்று குளிர்ந்த தண்ணீருக்குள் இறங்கினால் உள்ளே உள்ள காற்றுச் சுருங்கும், அந்த இடத்துக்கு வெளியில் இருந்து எதையாவது உறிஞ்சும். பானையின் மேலே மூச்சுவிட ஒரு சின்ன மூடி இருக்கும். அதில் சேறு அடைத்திருந்தால் ஒயில் சீல் வழியாகத் தண்ணீர் நுழையும், மூடி தண்ணீருக்குள் இருந்தால் நேராகவே நுழையும். ஒயிலை முழுக்க வடித்துப் புதிது ஊற்றி, கொஞ்சம் ஓடிவிட்டு இன்னொரு தடவை மாற்றுங்கள். அந்த மூடியைக் கழற்றி, ஒரு றப்பர் குழாய் பூட்டி மேலே பெட்டியின் உயரத்துக்கு ஏற்றிக் கட்டிவிட்டால் மறுபடி வராது. செலவு குழாய்க்கு மட்டும்தான். முன்சில்லுப் பெயரிங்கையும் ஒரு தடவை திறந்து பாருங்கள், அங்கேயும் அதே தேத்தண்ணி இருக்கும்.

புதிதாக டபுள் கெப் எடுத்திருக்கிறேன். பொலன்னறுவை வழியாகக் கொழும்புக்குப் போய் வருவதுதான் முக்கிய ஓட்டம். பார்வைக்காக மட் டெரெய்ன் டயர் போட ஆசை. போடலாமா?
– வாசகர், மட்டக்களப்பு நகரம்

ஆசை யாருக்குத்தான் இல்லை. ஆனால் அந்தக் கட்டை டயர் தார் வீதியில் கொழும்புவரை வண்டு மாதிரி ரீங்காரம் போடும். மழை பெய்த தாரில் பிரேக் பிடித்தால் வீதி டயரைவிடத் தள்ளித்தான் நிற்கும், டீசலும் கூடக் குடிக்கும், தேய்வதும் கெதியாக. வந்த டயரையே வைத்திருங்கள்.

அப்படியும் சேற்றோடு ஒரு போட்டோ வேண்டும் என்றால், மாசி மாதம் வெல்லாவெளியில் அறுவடை நடக்கும். மேலே முதல் கேள்வி கேட்ட தம்பிக்கு நெல் ஏற்ற வாகனம் போதாமல் இருக்கும், இரண்டு நாளைக்கு இரவல் கொடுங்கள். நாலு உர பேக் மணலை அவர் ஏற்றித் தருவார்.